காத்திருக்கும் கணினியின் மின்செலவு: வன்னியில் ஒரு கற்கை அறைக்கு எதைத் தெரிவு செய்வது?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு சனசமூக நிலையம், உயர்தர மாணவர்களுக்காகப் பத்துக் கணினிகள் கொண்ட கற்கை அறையொன்றை அமைக்க நினைத்தால், கூட்டத்தில் முதலில் பேசப்படுவது விலைதான். புலம்பெயர்ந்த ஊரவர்கள் அனுப்பும் பணம் ஒருமுறைதான் வரும். மின்கட்டணமோ மாதந்தோறும் வரும். அப்படியிருந்தும், வாங்கவிருக்கும் கணினி எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்ற கேள்வி அபூர்வமாகவே எழுகிறது. எழுந்தாலும், பெட்டியின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் உச்ச வலுவைப் பார்த்ததோடு முடிந்துவிடுகிறது. பாவித்த மேசைக்கணினிகள், உள்ளங்கை அகலச் சிறுபெட்டிக் கணினிகள் அல்லது பாவித்த மடிக்கணினிகள், ஒரே சுற்றுப்பலகையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணினிகள், தொலைவிலுள்ள தரவு மையத்திடம் வேலையை ஒப்படைத்தல் ஆகிய தெரிவுகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. எல்லாவற்றுக்கும் நான் முதன்மையாக வைக்கும் அளவுகோல் ஒன்றே: வேலை எதுவும் செய்யாமல் காத்திருக்கும்போது அது எவ்வளவு வலுவை எடுக்கிறது?

ஒரு மாணவி கடந்தகால வினாத்தாளொன்றைத் திரையில் வாசித்து, கொப்பியில் விடையை எழுதி, மீண்டும் திரையைப் பார்க்கும் நேரம் முழுவதும் செயலிக்குச் செய்வதற்கு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. இந்த நிலைமை சிறிய அறைகளுக்கு மட்டும் உரியதன்று. கூகுள் நிறுவனத்தின் பொறியியலாளர்களான லூயிஸ் பரோசோவும் ஊர்ஸ் ஹோல்ஸ்லேயும் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஆயிரக்கணக்கான சேவையகங்கள் (மற்றக் கணினிகளுக்குச் சேவை வழங்கும் கணினிகள்) பெரும்பாலான நேரம் தம் திறனின் 10 முதல் 50 சதவீதத்துக்குள்ளேயே இயங்குகின்றன என்பதையும், அக்காலத்தில் சக்தித்திறன் மிக்கதாகக் கருதப்பட்ட சேவையகங்கூட வேலையற்றிருக்கும்போது உச்ச வலுவின் ஏறத்தாழ அரைவாசியை எடுத்துக்கொண்டிருந்தது என்பதையும் காட்டினார்கள். செய்யும் வேலைக்கு விகிதசமமாக வலு செலவாக வேண்டும் என்று அவர்கள் முன்வைத்த குறிக்கோள், அதன்பின் வந்த ஆராய்ச்சியின் திசையையே மாற்றியது. உலகின் மிகப் பெரிய தரவு மையங்களுக்கும் நம்மூரின் பத்துக் கணினி அறைக்கும் நோய் ஒன்றுதான்.

காத்திருக்கும் இயந்திரம் ஏன் மின்சாரம் எடுக்கிறது என்பதை அறியச் சுற்றின் மட்டத்துக்கு இறங்க வேண்டும். செயலியிலுள்ள திரான்சிற்றர்கள் நிலைமாறும் ஒவ்வொரு தடவையும் சிறியதொரு கொள்ளளவம் மின்னேற்றப்பட்டு இறக்கப்படுகிறது. அதற்குச் செலவாகும் வலு கொள்ளளவத்துக்கும் மீடிறனுக்கும் (ஒரு செக்கனில் நிலைமாறும் தடவைகள்) நேர்விகிதசமமானது. வோல்ற்றளவைப் பொறுத்தவரை அதன் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது. ஆகவே 1.2 வோல்ற்றில் இயங்கும் சுற்றை 0.9 வோல்ற்றுக்கு இறக்க முடிந்தால், மீடிறன் மாறாமலே வலு 44 சதவீதம் குறைந்துவிடும். திரான்சிற்றரைச் சிறிதாக்கும்போது வோல்ற்றளவையும் அதே விகிதத்தில் குறைத்தால், சில்லின் (சிப்) ஓரலகுப் பரப்பளவில் செலவாகும் வலு கூடாது என்று ஐ.பி.எம். நிறுவனத்தின் றொபேட் டெனாட்டும் அவரது குழுவினரும் 1974ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். அந்த வழியில் மூன்று தசாப்தங்கள் முன்னேற்றம் தடையின்றி நடந்தது. அதன்பின் கசிவு குறுக்கே வந்தது. துருசுக் கதவை இறுக்கி மூடிய பின்னும் அடியால் ஒழுகும் குளத்து நீரைப்போல, அணைந்திருக்கும் திரான்சிற்றரின் ஊடாகவும் மின்னோட்டம் கசிகிறது. வோல்ற்றளவை இன்னும் இறக்க முயன்றால், திரான்சிற்றர் திறக்கும் எல்லை வோல்ற்றளவையும் இறக்க வேண்டியிருப்பதால், கசிவு பன்மடங்காகப் பெருகுகிறது. பென்டியம் 4 செயலிக்கு அடுத்ததாகத் திட்டமிட்டிருந்த வடிவமைப்பை இன்ரெல் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் கைவிட்டதற்குப் பின்னணியில் இந்த வலுச் சிக்கலே இருந்தது.

அதற்குப் பிந்திய மாற்றங்கள்தான் பாவித்த பொருள் வாங்கும் நமக்கு நேரடியாகப் பயன்படுகின்றன. மின்னோட்டம் செல்லும் வழியை மூன்று பக்கமும் சூழ்ந்து கட்டுப்படுத்தும் துடுப்பு வடிவத் திரான்சிற்றர்கள் 2012ஆம் ஆண்டில் இன்ரெல் செயலிகளில் வந்தன. செயலியின் பயன்படாத பகுதிகளுக்கு மின்சாரத்தை முற்றாக நிறுத்தும் நுட்பமும், ஆழ்ந்த உறக்க நிலைகளும் அடுத்தடுத்த தலைமுறைகளில் வலுப்பட்டன. ஒரே வேகத்தில் ஓடுவதுபோல் தோன்றும் இரண்டு கணினிகளில், 2009ஆம் ஆண்டு செய்யப்பட்டதற்கும் 2018ஆம் ஆண்டு செய்யப்பட்டதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, அவை வேலை செய்யும்போது தெரிவதைவிடச் சும்மா இருக்கும்போதே அதிகம் தெரியும். வெப்பநிலை ஏறும்போது கசிவும் ஏறும் என்பதால், பங்குனி தொடங்கி ஆவணி வரை பகலில் 35 பாகை செல்சியசைத் தொடும் வன்னியில் இந்த வேறுபாட்டுக்குக் கூடுதல் கனம் உண்டு.

முதலாவது தெரிவான பாவித்த மேசைக்கணினிதான் அதிகம் வாங்கப்படுகிறது. விலை குறைவு, உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும், திருத்தத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். இவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் சுவர்ச் செருகிக்கும் கணினிக்கும் இடையில் ஒரு சிறிய வலுமானியை மாட்டிப் பார்த்தால், 2010ஐ அண்டிய மேசைக்கணினியொன்று வெறும் திரையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே 40 முதல் 60 வாற்று வரை எடுப்பதைக் காணலாம். இதில் ஒரு பகுதி செயலிக்கே போய்ச் சேர்வதில்லை. “தம்பி, இது 500 வாற்று சப்ளை, ஒண்டுக்கும் பயப்பிடத் தேவையில்லை” என்று கடைக்காரர் நம்பிக்கையோடு சொல்லும் அந்த மின்வழங்கியே இழப்புக்கு ஒரு காரணம். மின்வழங்கிகளுக்கான 80 பிளஸ் தரச்சான்றின் அடிப்படை நிலை 20, 50, 100 சதவீதச் சுமைகளில்தான் திறனைச் சோதிக்கிறது. 500 வாற்று மின்வழங்கியில் 50 வாற்றுக் கணினி இயங்கும்போது சுமை 10 சதவீதம் மட்டுமே; சோதனை தொடாத அந்தப் பகுதியில் திறன் விழுந்துவிடுகிறது. சான்றே இல்லாத மலிவு மின்வழங்கியில் நிலைமை இன்னும் மோசம். தேவைக்கு மேற்பட்ட பலம் இங்கு பாதுகாப்பன்று, நாளாந்த இழப்பு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணினிக்கு 50 வாற்று, திரைக்கு 20 வாற்று என்று கொண்டால் பத்து இருக்கைக்கு 700 வாற்று. நாளொன்றுக்கு 6 மணித்தியாலம், மாதத்துக்கு 25 நாட்கள் என்றால் 105 அலகு. அதே நேர அளவில் 10 வாற்றுச் சிறுபெட்டியும் 20 வாற்றுத் திரையும் 45 அலகில் முடிந்துவிடும். திரையையும் சேர்த்து 15 வாற்று அளவில் இயங்கும் மடிக்கணினிகளுக்கு 23 அலகு போதும். ஒற்றைப் பலகைக் கணினி 4 வாற்று, திரை 20 வாற்று என்றால் 36 அலகு. இந்த எண்களில் என் கவனத்தை அதிகம் ஈர்ப்பது கடைசி இரண்டும்தான். கணினியின் வலுவை 10 வாற்றுக்குக் கீழே கொண்டுவந்த பிறகு, அதை மேலும் குறைப்பதால் கிடைக்கும் இலாபம் சிறுத்துப்போகிறது. அந்த இடத்தில் மின்சாரத்தை எடுப்பது திரை. ஆகவே மிகக் குறைந்த வலுவுடைய பலகையை வாங்கி, அதனோடு பழைய பெரிய திரையை இணைப்பவர், சிறிய திரையோடு வரும் மடிக்கணினியை வாங்கியவரைவிடக் கூடுதலாகச் செலவழிப்பார்.

வெப்பத்தை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கணினி எடுக்கும் மின்சாரம் முழுவதும் இறுதியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வெளிவருகிறது. அமர்ந்திருக்கும் ஒருவர் ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை வெளிவிடுகிறார்; ஆக, பத்து மாணவர்கள் இருக்கும் அறையில் பத்து மேசைக்கணினிகளை வைப்பது, இன்னும் ஏழு பேரை உள்ளே அழைத்து இருத்துவதற்குச் சமம். அறை தாங்கமுடியாமல் போக, யாராவது குளிரூட்டியை நன்கொடையாகத் தருகிறார்கள். 12,000 பி.ரி.யு. குளிரூட்டியொன்று, அதன் அழுக்கி (கம்பிரசர்) இயங்கும்போது, ஒரு கிலோவாற்று அளவில் எடுக்கும். மாத முடிவில் கணினிகள் அனைத்தையும்விட அதுவே அதிக அலகுகளை ஓட்டிவிடக்கூடும். சிறுபெட்டிகளோ மடிக்கணினிகளோ உள்ள அறையில், உயர்ந்த கூரை, எதிரெதிர் யன்னல், வெயில் படாத மேற்குச் சுவர், கூரை விசிறி ஆகியவற்றோடு சமாளிக்கலாம். நன்கொடையாளருக்கு என்னுடைய வேண்டுகோள், குளிரூட்டிக்கு ஒதுக்கிய பணத்தைக் குறைந்த வலுவுடைய கணினிகளுக்குத் தாருங்கள் என்பதே.

மின்தடையின்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை மறந்தவர் இலர். 2025 மாசி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்று, நுரைச்சோலை அனல் மின்னிலையம் மீண்டும் இயங்கும் வரை சுழற்சிமுறை வெட்டு நடந்தது. 12 வோல்ற்று, 100 அம்பியர் மணித்தியால ஈய அமிலப் பற்றறியொன்றில் 1,200 வாற்று மணித்தியாலம் உண்டு என்று எழுதியிருந்தாலும், அது நீண்டநாள் உழைக்க வேண்டுமானால் அரைவாசியைத்தான் எடுக்கலாம். இன்வேட்டரின் இழப்பையும் சேர்த்தால் 700 வாற்றுச் சுமை பற்றறியிலிருந்து 65 அம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு விரைவாக இழுக்கும்போது ஈய அமிலப் பற்றறி தன் கொள்ளளவை முழுதாகத் தராது. அரை மணித்தியாலத்தோடு வகுப்பு கலைந்துவிடும். 300 வாற்று அறை அதே பற்றறியில் ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டும். மடிக்கணினிக்கு வெளிப்பற்றறியே தேவையில்லை; தன் பற்றறியைத் தானே சுமக்கிறது.

சிறுபெட்டிக் கணினி என்று இங்கு சொல்வது, அலுவலகங்களில் திரையின் பின்னால் பொருத்தப்படும் டெல் மைக்ரோ, எச்.பி. மினி, லெனோவோ ரைனி போன்றவற்றை. இவற்றில் பல 35 வாற்று வகைச் செயலியும், மடிக்கணினியுடையதைப் போன்ற 65 வாற்று வெளி மின்னிணைப்பியும் கொண்டவை. மின்வழங்கி அளவாக இருப்பதால் முன்னர் சொன்ன இழப்பு இல்லை. வாங்கும்போது செயலியின் தலைமுறையைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஐப்பசி 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்ரெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழுள்ளவற்றை ஒருசில விலக்குகளைத் தவிர ஏற்பதில்லை. அதற்கு முந்திய, 2015ஐ அண்டிய பெட்டிகளும் லினக்ஸ் இயங்குதளத்தில் நன்றாகவே உழைக்கும். தமிழ்த் தட்டச்சுக்கும் அதில் குறையில்லை.

செயலிக்குக் கொடுக்கும் பணத்தில் சிறிது குறைத்து, நினைவகத்துக்கும் திண்மநிலைச் சேமிப்பகத்துக்கும் (SSD) கொடுப்பது நல்லது. இதற்கு ஆராய்ச்சியின் ஆதாரமும் உண்டு. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் மார்க் ஹோரோவிற்ஸ் 2014ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய கணக்கின்படி, 45 நனோமீற்றர் சில்லில் 32 பிற்று முழுவெண் கூட்டலொன்றுக்கு 0.1 பிக்கோயூல் சக்தியே செலவாகிறது; ஆனால் கூட்டவேண்டிய எண்ணை வெளி நினைவகத்திலிருந்து கொண்டுவரச் செலவாவது அதன் ஆயிரக்கணக்கான மடங்கு. கணிப்பதைவிடத் தரவை நகர்த்துவதே செலவு கூடியது. நினைவகம் போதாமல் தரவு வன்தட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தால், மாணவரின் நேரமும் மின்சாரமும் சேர்ந்தே வீணாகும். 8 கிகாபைற்று நினைவகத்தைக் குறைந்தபட்சமாகக் கொள்ளலாம்.

ஒற்றைப் பலகைக் கணினியான ராஸ்பெரி பை, கைத்தொலைபேசிகளை இயக்கும் ஆம் (ARM) வகைச் செயலியைக் கொண்டது. அந்த மரபின் முதலாவது சில்லு 1985ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் சோதிக்கப்பட்டபோது, மின்வழங்கல் இணைக்கப்படாமலே, பிற சுற்றுக்களிலிருந்து கசிந்த மின்னோட்டத்தில் இயங்கியதாக அதை வடிவமைத்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ராஸ்பெரி பை 4 சும்மா இருக்கும்போது 3 வாற்று அளவிலும், முழுச் சுமையில் 7 வாற்று அளவிலும் எடுக்கும். ஆயினும் பத்து இருக்கைக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உலாவியில் நாலைந்து பக்கங்களைத் திறந்தால் திணறும். நினைவக அட்டையில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அட்டை பழுதடையும். திரையின் 20 வாற்றுக்கு முன்னால் இதன் சேமிப்பு சிறிது.

ஆனால் இரவும் பகலும் அணைக்காமல் இருக்கவேண்டிய ஒரு பொருளுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவை இணைய இணைப்பின்றி வாசிக்கத் தரும் கிவிக்ஸ் மென்பொருள், கடந்தகால வினாத்தாள்கள், ஆசிரியர்களின் குறிப்புகள் ஆகியவற்றை ஒரு பலகையில் ஏற்றி அறையின் வலையமைப்பில் வைத்தால், 4 வாற்றில் மாதம் முழுவதும் இயங்கினாலும் 3 அலகைத் தொடாது. அதே வேலையை ஒரு பழைய மேசைக்கணினியிடம் கொடுத்தால் 36 அலகு போகும். பத்து இருக்கையில் பெறும் சேமிப்பைப்போல் இதுவும் கணக்கில் வரவேண்டும். எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் இயந்திரத்தில்தான் காத்திருக்கும் வலு முழுமையாகத் தன் முகத்தைக் காட்டுகிறது.

ஒரு பெரிய சேவையகத்தோடு பத்து வெறும் முனையங்களை இணைக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்செலவு சிறுபெட்டிகளுக்கு அருகில்தான் வரும். சேவையகம் பழுதானால் பத்துப் பேரும் எழுந்து போக வேண்டும்.

தொலைவிலுள்ள தரவு மையத்தின் கணக்கு வேறு வகையானது. ஒரு மையம் மொத்தமாக எடுக்கும் சக்தியை அதன் கணினிகள் மட்டும் எடுக்கும் சக்தியால் வகுத்துப் பெறும் விகிதமே அதன் திறனுக்கு வழமையான அளவீடு. 1 என்பது அடையமுடியாத எல்லை. கூகுளின் மையங்களில் இது 1.1ஐ அண்டி நிற்க, உலகளாவிய கணக்கெடுப்புகளில் சராசரி 1.5க்குச் சற்று மேலே பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. குளிரூட்டி பொருத்திய நம் மேசைக்கணினி அறையை இப்படி அளந்தால் 2ஐத் தாண்டிவிடும், அந்தக் குளிர்ச்சியில் மனிதருக்கும் பங்கு உண்டு என்றாலும். 2010 முதல் 2018 வரை உலகத் தரவு மையங்களின் கணிப்பு வேலை ஐந்து மடங்குக்கு மேல் பெருகியும் மின்செலவு 6 சதவீதமே கூடியதாக 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கணித்தது. சேவையகங்களைப் பலர் பகிர்ந்துகொண்டதும், காத்திருக்கும் வலு குறைந்ததும் அதற்கு முக்கிய காரணங்கள். செயற்கை நுண்ணறிவின் வருகையோடு அந்தச் சமநிலை குலைந்துவிட்டது: சர்வதேச சக்தி முகவரகத்தின் மதிப்பீட்டில், 2024ஆம் ஆண்டில் தரவு மையங்கள் 415 தெராவாற்று மணித்தியாலத்தைப் பயன்படுத்தின, 2030இல் இது 945ஐ எட்டக்கூடும். இலங்கை முழுவதும் ஓராண்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தின் இருபத்தைந்து மடங்கு அளவில் இருக்கிறது முதலாவது எண்.

ஆகவே எந்த வேலையை அனுப்புவது என்பதில் தெளிவு வேண்டும். இயந்திரக் கற்றல் மாதிரியொன்றைப் பயிற்றுவிக்க விரும்பும் மாணவர், அதற்காக ஊரில் ஒரு பெரிய வரைவியல் அட்டையை வாங்கி வருடத்தின் பெரும்பகுதி சும்மா வைத்திருப்பதைவிட, பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் தொலைவு இயந்திரத்தை எடுப்பது எல்லா வகையிலும் சிக்கனம். வினாத்தாள் வாசிப்பதையும் சிறு நிரல் எழுதுவதையும் அங்கே அனுப்புவதால் எதுவும் மிச்சமாவதில்லை. இங்கே திரையும் கணினியும் எரிந்துகொண்டுதான் இருக்கும், றவுட்டர் வேறு சேரும், இணைப்பு அறுந்தால் படிப்பும் நின்றுவிடும்.

காற்றும் வெயிலும் நிலமும் இருக்கும் வன்னியிலேயே பெரிய தரவு மையத்தை அமைக்கலாமே என்று சில கூட்டங்களில் கேட்கப்படுகிறது. மன்னாரின் தம்பபவனி காற்றாலை 103.5 மெகாவாற்று அளவுடையது என்பது உண்மைதான். ஆனால் வெப்ப நாடொன்றில் இது எவ்வளவு கடினம் என்பதைச் சிங்கப்பூர் காட்டியிருக்கிறது. தரவு மையங்கள் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கை எடுத்ததால் (2020ஆம் ஆண்டில் 7 சதவீதம்), 2019 தொடங்கி 2022 வரை புதிய மையங்களுக்கான அனுமதியை அந்நாடு இடைநிறுத்தியது. 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட தரநியமத்தில், அறைகளின் வெப்பநிலையை 26 பாகைக்கு மேலும் உயர்த்தப் பழகுமாறு கேட்டது; உயர்த்தும் ஒவ்வொரு பாகைக்கும் குளிரூட்டும் சக்தியில் 2 முதல் 5 சதவீதம் மிச்சமாகும் என்பது அதன் கணக்கு. நீரை ஆவியாக்கிக் குளிரூட்டினால் மின்சாரம் குறையும், ஆனால் நீர் போகும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து ஆண்டுதோறும் தீர்மானிக்கும் ஊரில், அந்த நீருக்கு இன்னொரு உரிமையாளரைச் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

சூரியப் படலம் பொருத்த எண்ணுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பொது மின்விநியோகக் கம்பியோடு மட்டும் இணைக்கப்பட்ட சாதாரண இன்வேட்டர், மின்தடை ஏற்பட்டதும் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். உச்சி வெயிலிலும் அறை இருண்டு கிடக்கும். பற்றறியோடு இணைந்து இயங்கக்கூடிய கலப்பு இன்வேட்டர்தான் வேண்டும். ஒரு கிலோவாற்றுப் படலம் நல்ல வெயில் நாளில் 4 அலகு அளவில் தரும். சிறுபெட்டி அறைக்கு நாளொன்றுக்கு 1.8 அலகு போதும் என்பதால் இழப்புகளுக்கும் மாலை வகுப்புக்கும் இடம் இருக்கும். மேசைக்கணினி அறையோ 4.2 அலகு கேட்கும்.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால், ஏ9 வீதியை ஒட்டிய இடங்களுக்குச் சிறுபெட்டிக் கணினிகளையே நான் தெரிவு செய்வேன். அவை மேசையோடு பூட்டி வைக்கக்கூடியவை, நீண்டநாள் உழைப்பவை. துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்தில், காட்டினூடே நெடுந்தூரம் வரும் கம்பியின் கடைசியில் இருக்கும் ஊர்களுக்கு மடிக்கணினியே பொருத்தம். பாவித்த மடிக்கணினியின் பற்றறி தளர்ந்திருக்கும் என்பதால், புதிய பற்றறிக்கான பணத்தை விலைமனுவிலேயே தனியாகக் கேட்டு வைக்க வேண்டும். இரண்டு இடத்திலும் சேவையகமாக ஒரு ராஸ்பெரி பை. செம்மண் தூசி விசிறியை அடைத்தால் செயலி சூடேறும், கசிவு கூடும், விசிறி வேகமெடுக்கும். எனவே மூன்று மாதத்துக்கொருமுறை திறந்து துடைப்பதை யார் பொறுப்பில் விடுவது என்பதையும் அதே கூட்டத்தில் எழுதி வைப்பது நல்லது.

விலைமனு கோரும்போது, செயலியின் பெயர், நினைவகத்தின் அளவு என்பவற்றோடு இன்னொரு வரியையும் சேர்க்கலாம்: இயங்குதளம் ஏறிப் பத்து நிமிடம் கழிந்தபின், திரை தவிர்ந்த கணினி எடுக்கும் வலு 15 வாற்றைத் தாண்டக்கூடாது. வழங்குநர் கொண்டுவரும் முதலாவது பெட்டியை நிலையத்திலேயே வலுமானியில் இணைத்துப் பார்த்து, எண் அதற்குள் நின்றால் மட்டும் மீதி ஒன்பதையும் இறக்கச் சொல்லலாம்.